கீச்சொலி பிறந்த கதை

ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் 2021 ஏப்ரல் 30 அன்று கடைக்கு வந்தபோது, அதற்குள் ஒரு கெடு வைக்கப்பட்டிருந்தது: மூன்று நாள். உரிமையாளரின் ஐபோனைப் பிரிந்து மூன்று நாள் ஆனபின் யாராவது அதை அசைத்தால், அந்தச் சின்ன வட்டு கீச்சென்று சத்தம் போடும். உன் பையில் நீ வைக்காத ஒன்று இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லத்தான் அந்தச் சத்தம். தொலைந்த சாவியையும் பெட்டியையும் தேடித் தரும் கருவிகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தக் கீச்சொலியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கருவி பிறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் சத்தம் பிறந்தது. பிறந்த பிறகும், யாருக்காகக் கத்துவது என்ற விஷயத்தில் அது தடுமாறிக்கொண்டே வளர்ந்தது.

இந்தக் கருவியின் பாட்டனுக்குப் பெயர் பீப்பர். 1980-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில அதிகாரிகள், போதைப்பொருள் காய்ச்சுவதற்காக வாங்கப்படுவதாகச் சந்தேகித்த ஐந்து காலன் குளோரோஃபார்ம் கலத்துக்குள் ஒரு ரேடியோ பீப்பரை வைத்தார்கள். விற்ற கம்பெனிக்கு அது தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. கலம் காரில் ஏறியது, அதிகாரிகள் பின்னால் போனார்கள், நடுவழியில் சிக்னலைத் தவறவிட்டார்கள். கடைசியில் ஹெலிகாப்டர் உதவியோடுதான், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் ஷெல் லேக் அருகே ஒரு மரவீட்டில் கலத்தைக் கண்டுபிடித்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பொதுச்சாலையில் போகும் வண்டியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதையே பீப்பர் வழியாகப் பார்த்ததில் தவறில்லை என்று 1983-ல் 'நாட்ஸ்' வழக்கில் தீர்ப்பானது. அடுத்த ஆண்டே 'கேரோ' வழக்கில் அதே நீதிமன்றம் வாசற்படியில் கோடு போட்டது: பீப்பர் வீட்டுக்குள் போய்விட்டால், வாரண்ட் இல்லாமல் அதைக் கண்காணிக்கக் கூடாது. 2012 ஜனவரியில் 'ஜோன்ஸ்' வழக்கு வந்தது. ஒருவரின் ஜீப்பில் செல்லுபடியான வாரண்ட் இல்லாமல் ஜிபிஎஸ் கருவியை ஒட்டி 28 நாள் பின்தொடர்ந்தது போலீஸ். அது அமெரிக்க அரசியல் சட்டத்தின், நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் நான்காம் திருத்தத்தை மீறிய செயல் என்ற முடிவில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள்.

முப்பது ஆண்டுகள் நடந்த இந்த வாதம் முழுக்க ஒரே ஆளைப் பற்றியது: அரசாங்கம். நான்காம் திருத்தம் போலீஸின் கையைத்தான் கட்டும். கணவன், முன்னாள் காதலன், பக்கத்து வீட்டுக்காரன் யாருடைய கையையும் அது கட்டாது. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பின்தொடர்வது என்றால் பணம், ஆள், ஹெலிகாப்டர் எல்லாம் வேண்டியிருந்த காலம் அது. ஜிபிஎஸ் கருவிகள் மலிவான பிறகும்கூட அவற்றுக்கு சிம் கார்டு வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும், சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். சோம்பேறிக்கும் கஞ்சனுக்கும் அது தோதுப்படாத வேலை.

அந்தத் தடையை உடைத்த பொருள் பின்லாந்தில், வேறு காரியத்துக்காக உருவாயிற்று. கைக்கடிகாரம், உடல்நலக் கருவி போன்ற சின்னச் சாதனங்கள் பட்டன் செல்லிலேயே மாதக்கணக்கில் பேச வேண்டும் என்று நோக்கியா ஒரு குறைமின் ரேடியோ முறையை உருவாக்கி, 2006-ல் 'வைப்ரீ' என்று அறிவித்தது. அது புளூடூத்தோடு சேர்ந்து 2010-ல் புளூடூத் 4.0 ஆனது, 2011-ல் ஐபோன் 4எஸ் வழியாக மக்கள் பைக்குள் வந்தது. இந்த ரேடியோவுக்கு முப்பது, நாற்பது அடிக்கு மேல் நம்பிப் பேச முடியாது. சோபாவுக்கு அடியில் விழுந்த சாவியைத் தேட அது போதும். ஊருக்கு அப்பால் போன சாவியை என்ன செய்வது?

இதற்கு விடை கண்டது கலிஃபோர்னியாவில் 2012-ல் நிக் எவன்ஸும் மைக் ஃபார்லியும் தொடங்கிய டைல். விடை எளிமையானது, கொஞ்சம் துணிச்சலானதும்கூட: உன் போன் எட்டாத இடத்தில் இன்னொருவர் போன் எட்டும். டைல் செயலி வைத்திருக்கும் யாராவது தொலைந்த டேக்கைக் கடந்து போனால், அவருக்கே தெரியாமல் அவர் போன் அந்த இடத்தை உரிமையாளருக்குச் சொல்லிவிடும். 2013-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியபோது ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் சேர்ந்து 26 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். முதல் டைலில் பேட்டரியை மாற்றவே முடியாது; ஓராண்டு ஓடும், பிறகு புதிது வாங்க வேண்டும். அதிலும் ஒலி உண்டு. ஆனால் அது உரிமையாளர் தன் போனில் பொத்தானை அழுத்தினால் மட்டும் பாடும் ஒலி. டேக்கைத் தெரியாமல் சுமப்பவருக்கு அதில் பங்கில்லை.

அது அப்போது பெரிய ஆபத்தாகத் தெரியாததற்குக் காரணம், டைலின் கூட்டம் சிறியது. செயலியைத் தேடிப்போய்ப் போட்டுக்கொண்டவர்கள் மட்டுமே அந்த வலையின் கண்ணிகள். பெருநகரத்தில் பலிக்கும், சிற்றூரில் பலிக்காது. 2019 ஜூனில் ஆப்பிளின் கிரேக் ஃபெடரிகி மேடையேறி, இணையத் தொடர்பே இல்லாத மடிக்கணினியையும் பக்கத்தில் போகும் ஐபோன்கள் கண்டுபிடித்துத் தரும் என்று சொன்னபோது கண்ணிகளின் கணக்கே மாறிவிட்டது. யாரும் எதையும் போட்டுக்கொள்ள வேண்டாம். ஐபோன் வைத்திருந்தாலே, நீங்களாக அந்த வசதியை அணைத்து வைக்காதவரை, நீங்கள் கண்ணிதான். ஏர்டேக் வந்தபோது அந்த வலையில் கிட்டத்தட்ட நூறு கோடி சாதனங்கள் இருப்பதாக ஆப்பிளே பெருமையாகச் சொன்னது. பதினோரு கிராம் எடை, அன்றைய விலை 29 டாலர், இந்தியாவில் 3,190 ரூபாய். மாதக் கட்டணம் கிடையாது. பட்டன் செல் ஓராண்டுக்கு மேல் வரும். ஹெலிகாப்டர் பிடிக்க வேண்டியிருந்த வேலை இது.

இதன் உள்வேலையை மெச்சாமல் இருக்க முடியாது. டேக்கிலிருந்து வெளியே போவது ஒரு பூட்டு, அதாவது பொதுச்சாவி மட்டும். கடந்துபோகும் ஐபோன் தன் இருப்பிடத்தை அந்தப் பூட்டால் பூட்டி ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பும். கோயில் உண்டியல் மாதிரி: யாரும் போடலாம், திறவுகோல் இருப்பவரே எடுக்கலாம். ஆப்பிளுக்கே உள்ளே இருப்பது தெரியாது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. டேக் ஒரே அடையாளத்தை எப்போதும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால், கடைவாசலில் ஒரு புளூடூத் வாங்கியை வைத்து, இந்தச் சாவிக்காரர் நேற்றும் வந்தார் இன்றும் வந்தார் என்று யாரும் கணக்கெடுக்கலாம். அதைத் தடுக்க டேக் தன் முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். முகவரி மாறுவது உரிமையாளரின் அந்தரங்கத்தைக் காக்கிறது. ஆனால் உங்கள் கைப்பைக்குள் வேறொருவரின் டேக் கிடந்தால், மாறிக்கொண்டே இருக்கும் முகவரியை உங்கள் போன் எப்படி அடையாளம் காணும்? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சாவிக்கொத்தும், உங்கள் பைக்குள் ஒளித்து வைத்த டேக்கும் காற்றில் ஒன்றுபோலவேதான் ஒலிக்கும். டேக் வைத்திருப்பவரின் அந்தரங்கமும் டேக்கால் வேவு பார்க்கப்படுபவரின் அந்தரங்கமும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. பின்னாளில் எட்டிய சமரசம்: உரிமையாளர் அருகில் இருக்கும்போது முகவரி கால் மணிக்கு ஒருமுறை மாறலாம், அவரைப் பிரிந்துவிட்டால் 24 மணி நேரம் மாறக் கூடாது. அந்த ஒரு நாளுக்குள் 'இது என் கூடவே வருகிறது' என்று அந்நியரின் போன் கண்டுகொள்ள வேண்டும். இதையெல்லாம் யோசித்து வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குக் கணிதத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை, அவர்கள் மனத்தில் இருந்த வில்லனின் முகத்தில்.

அந்த வில்லன் ஓர் அந்நியன். எங்கோ கூட்டத்தில் உங்கள் பைக்குள் டேக்கைப் போட்டுவிட்டு, தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன். அவனுக்கு எதிராக மூன்று நாள் கெடு ஓரளவு வேலை செய்யும். ஆனால் பெண்களைப் பின்தொடர்கிறவர்களில் பெரும்பாலோர் அந்நியர்கள் இல்லை, தெரிந்தவர்கள்; பல சமயம் கூட வாழ்ந்தவர்கள், வாழ்பவர்கள். ஒரே வீட்டில் இருக்கும் கணவன் மனைவியின் கார் இருக்கைக்கு அடியில் டேக்கை வைத்தால், அவன் இரவு வீடு திரும்பியதும் டேக் அவன் போனைக் கண்டுகொள்ளும். கெடு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று நாள் என்பது அந்த வீட்டில் என்றைக்கும் வராத நாள். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் ஈவா கால்பெரின் போன்றவர்கள், டேக் வெளிவந்த வேகத்திலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். வேவு மென்பொருளால் பாதிக்கப்பட்ட பெண்களோடு பல ஆண்டு வேலை செய்தவர் அவர். வில்லனின் முகம் அவருக்குப் பரிச்சயம்.

வாஷிங்டன் போஸ்ட்டின் ஜெஃப்ரி ஃபௌலர் தன்மீதே சோதித்துப் பார்த்தார். சக ஊழியர் ஒருவர் அவரை ஏர்டேக்கால் ஒரு வாரம் பின்தொடர்ந்தார். மூன்று நாள் கழித்து எழுந்த சத்தம் பதினைந்து விநாடி மெல்லிய கீச்சொலி, அதையும் கையால் அமுக்கினால் கேட்காது என்று எழுதினார். ஐபோன்காரர்களுக்குத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது, உண்மைதான். அது வந்த நேரத்தைக் கவனியுங்கள்: நீங்கள் வீடு போய்ச் சேர்ந்ததும், அல்லது நாள் முடியும்போது. அதற்குள் உங்கள் வீடு எது என்பது தெரிய வேண்டியவனுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்களுக்கு அதுகூட இல்லை. உலகின் பெரும்பான்மை போன்கள் ஆண்ட்ராய்டு என்பது ஆப்பிளுக்குத் தெரியாத செய்தி அல்ல.

2021 ஜூனில், டேக் வந்து ஐந்து வாரத்தில், மூன்று நாள் 8 முதல் 24 மணி நேரமாகச் சுருங்கியது. எப்போது கத்தும் என்று வைத்தவனுக்குத் தெரியாதபடி அந்த இடைவெளிக்குள் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டுக்கு ஒரு செயலி டிசம்பரில்தான் வந்தது. அதுவும் நீங்களாகத் திறந்து, நீங்களாகத் தேட வேண்டிய செயலி. சந்தேகம் வந்தவருக்குத்தான் தேடத் தோன்றும். சந்தேகமே வராதவரைக் காப்பதற்கல்லவா எச்சரிக்கை? பின்னணியில் தானாகத் தேடும் ஆண்ட்ராய்டு செயலியை, ஆப்பிளுக்கும் முன்பே, ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஏர்கார்டு' என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சில மாதத்தில் முடித்த வேலையை, உலகின் பணக்கார நிறுவனம் ஏன் முதல் நாளே செய்யவில்லை என்ற கேள்விக்கு நல்ல பதில் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

2022 தொடக்கத்தில் விஷயம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. நியூயார்க்கில் ஒரு மாடலின் கோட்டுப் பைக்குள் ஏர்டேக் கிடந்தது. இரவு தனியாக நடந்து வீடு திரும்பும்போது போன் சொன்ன பிறகே அவருக்குத் தெரிந்தது. ஏப்ரலில் வைஸ் ஊடகத்தின் மதர்போர்டு பிரிவு, எட்டு நகரக் காவல்துறைகளிடமிருந்து, எட்டு மாதத்தில் ஏர்டேக் என்ற சொல் வரும் 150 புகார்களைப் பெற்று வெளியிட்டது. அவற்றில் 50, தங்களுடையதல்லாத டேக் தங்களைத் தொடர்வதாகப் பெண்கள் கொடுத்தவை. அந்த 50-ல் பாதிப் பேரால் யார் வைத்தது என்று கைகாட்ட முடிந்தது: முன்னாள் கணவன், முன்னாள் காதலன், மேலதிகாரி. கால்பெரின் சொன்ன அதே முகங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு பெண்கள் ஆப்பிள்மீது கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஒருவரின் கார்ச் சக்கரக் குழியில் டேக் செருகப்பட்டிருந்தது. இன்னொருவரின் குழந்தையின் பள்ளிப்பைக்குள் இருந்தது. பிறகு மேலும் பலர் சேர்ந்துகொண்டார்கள். பெரும்பாலோரின் கோரிக்கைகளைத் தள்ளிய நீதிபதி வின்ஸ் சாப்ரியா, மூன்று பேருடைய வழக்கு மேலே நடக்கலாம் என்று 2024 மார்ச்சில் அனுமதித்தார்.

இதற்கிடையே கீச்சொலியைக் கொல்லும் குடிசைத்தொழில் ஒன்று தழைத்தது. உள்ளிருக்கும் ஒலிச்சுருளைப் பிடுங்கிய 'சத்தமில்லாத' ஏர்டேக்குகள் இணையச் சந்தைகளில் வெளிப்படையாக விற்பனைக்கு வந்தன. பெர்லினைச் சேர்ந்த ஃபாபியன் பிராய்ன்லைன் என்ற ஆய்வாளர் ஒரு படி மேலே போனார். ஏர்டேக்கே இல்லாமல், மலிவான சிப் ஒன்றில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட சாவிகளை ஏற்றி மாற்றி மாற்றி ஒலிபரப்பினார். சம்மதம் தெரிவித்த ஒரு ஐபோன்காரரை ஐந்து நாள் பின்தொடர்ந்தும் அவர் போனில் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. முகவரி மாறும் பாதுகாப்பு ஏற்பாட்டையே ஆயுதமாகத் திருப்பிக் காட்டியது அந்தச் சோதனை.

கதையில் இன்னொரு கட்சி உண்டு: திருடு கொடுத்தவர்கள். உங்கள் சைக்கிளில் ஒளித்துவைத்த டேக், திருடனின் போனில் 'உன்னோடு ஒரு டேக் வருகிறது' என்று சொன்னால் அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போவான். நியூயார்க்கில் கார்த் திருட்டு பெருகியபோது, 2023 ஏப்ரலில் மேயர் எரிக் ஆடம்ஸ் பிராங்ஸ் பகுதி மக்களுக்கு நன்கொடையாக வந்த 500 ஏர்டேக்குகளை இலவசமாகக் கொடுத்தார். காரில் ஒளித்துவையுங்கள் என்று நகராட்சியே சொன்னது. சில வாரம் முன்பு, அந்த ஆண்டு பிப்ரவரியில், டைல் இந்தச் சந்தையைக் குறிவைத்து 'திருட்டுத் தடுப்பு முறை' ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. தானே முந்தைய ஆண்டு கொடுத்த தேடும் வசதியிலிருந்து டேக்கை முழுக்க மறைத்துவிடும் முறை அது. அடையாள அட்டையும் முகப்படமும் கொடுத்தால்தான் கிடைக்கும். யாரையாவது பின்தொடரப் பயன்படுத்தியது நிரூபணமானால் பத்து லட்சம் டாலர் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். எனக்கு இது விளம்பரக் கோபமாகவே படுகிறது. அபராதம் போட முதலில் பின்தொடரப்படும் பெண்ணுக்கு டேக் இருப்பது தெரிய வேண்டும். தெரியாமல் இருக்கத்தானே அந்த முறை? திருடனுக்குத் தெரியாத டேக் மனைவிக்கும் தெரியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சைக்கிள் போனால் போகட்டும் என்பது என் கட்சி.

நல்ல வேளையாக, பெரிய நிறுவனங்களும் கடைசியில் அந்தப் பக்கமே சாய்ந்தன. 2023 மே 2 அன்று ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, எந்தக் கம்பெனி டேக்கானாலும் எந்தப் போனும் கண்டுபிடிக்கும்படியான ஒரு பொது விதிமுறையை முன்வைத்தன. சாம்சங், டைல், சிபோலோ போன்ற போட்டியாளர்களும் ஆதரவு தெரிவித்தார்கள். 24 மணி நேர முகவரி விதி அதில் எழுத்தில் வந்தது. ஒலி எழுப்பும் கட்டாயமும் வந்தது. கூகுள் தன்னுடைய தேடும் வலையைத் தயாராக வைத்துக்கொண்டே, ஐபோனில் பாதுகாப்பு வரட்டும் என்று வெளியீட்டைத் தள்ளிப்போட்டது. 2024 மே 13 அன்று ஐஓஎஸ் 17.5-லும், ஆண்ட்ராய்டு 6.0-வும் அதற்கு மேற்பட்டும் உள்ள போன்களிலும் அந்த எச்சரிக்கை நடைமுறைக்கு வந்தது. முதல் டைலுக்கு மக்கள் முன்பணம் கட்டி ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஓட்டைகள் இன்னும் உண்டு. விதிமுறைக்கு வராத பழைய டேக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒலிச்சுருள் பிடுங்கியவையும் இருக்கின்றன. 2025-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், டைல் டேக்குகள் மாறாத முகவரியை மறைக்குறியீடு இன்றி ஒலிபரப்புவதைக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கூரைக்குக் கீழ் வாழும் இருவருக்கிடையே எச்சரிக்கை இன்னமும் பலவீனம்தான்.

நம் ஊரிலும் ஏர்டேக்கோடு சாம்சங், ஜியோ டேக்குகள் கடையில் தொங்குகின்றன. பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு இரண்டு செயல்களைச் சொல்கிறது: விருப்பமில்லை என்று தெரிந்தும் பின்தொடர்ந்து மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, இணையம், மின்னஞ்சல் போன்ற மின்னணுத் தொடர்புகளை அவர் பயன்படுத்துவதைக் கண்காணிப்பது. பேசாமல், எழுதாமல், எங்கே போகிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றி அதில் நேராக ஒரு சொல் இல்லை. அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது போன்தான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதிக்குள் தெரியாத டிராக்கர் எச்சரிக்கை இருக்கும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், கையால் ஒருமுறை தேடியும் பாருங்கள். ஐபோனில் புளூடூத்தும் இருப்பிடச் சேவையும் இயங்கினால்தான் எச்சரிக்கை வரும். ஏர்டேக் கிடைத்தால், என்எஃப்சி உள்ள எந்தப் போனையும் அதன் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் வரிசை எண் தெரியும். அந்த எண்ணைக் கொண்டு காவல்துறை முறைப்படி கேட்டால், எந்தக் கணக்கோடு அது இணைக்கப்பட்டது என்று ஆப்பிளால் சொல்ல முடியும். மறுபக்கத்து வெள்ளி மூடியை அழுத்தி இடப்புறம் திருப்பினால் பேட்டரி வந்துவிடும். ஆனால் அதைக் கழற்றிய நொடியிலிருந்து டேக்கின் இடம் வைத்தவனுக்குத் தெரிவது நின்றுவிடும், நீங்கள் கண்டுபிடித்துவிட்டதை அவன் ஊகித்துக்கொள்வான். வைத்தவன் வீட்டு ஆளாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் கிடைத்த இடத்தையும் எண்ணையும் படம் எடுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், வேறொருவர் போனிலிருந்து 181-க்கோ 112-க்கோ பேசுங்கள். பேட்டரியை அப்புறம் கழற்றலாம்.